நின்றுபோன ஆர்கெஸ்ட்ராவை மறுபடி மேடை ஏற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்களுக்குப் பங்குனியும் சித்திரையும் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பேசி வைத்த கச்சேரிகளின் அட்வான்ஸை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். மதுரையில் அந்த வருடம் சித்திரைத் திருவிழாவே வழக்கம்போல நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இல்லாமல் கோவிலுக்குள் நடந்தது. அடுத்த வருடம் இரண்டாம் அலை. எங்கள் டிரம்மர் ஆட்டோ ஓட்டப் போனார். பேஸ் கிடார் வாசித்த அண்ணன் செல்போன் ரிப்பேர் கடை போட்டார். நான் கீபோர்டைத் துணி போட்டு மூடி பீரோவுக்கு மேல் வைத்தேன்.

2024 ஆடி முதல் வெள்ளிக்கு ஓர் அம்மன் கோவிலில் மறுபடி மேடை ஏறினோம். நடுவில் நான்கு வருடம். வைகாசி பிறந்ததும் தொடங்கி ஒன்பது வாரம் தயாரானோம். அந்த ஒன்பது வாரத்தில் எது பலன் தந்தது, எதில் நேரம் வீணானது என்பதை, இதே நிலையில் இருக்கும் மற்ற குழுக்களுக்காக எழுதுகிறேன். ரொம்ப நாள் கழித்துத் திரும்புபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: விட்ட இடத்தில் இருந்து தொடங்கப் பார்ப்பது. பழைய பாட்டுப் பட்டியல், பழைய சுருதி, பழைய வேகம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இன்றைக்கு வந்து நிற்கும் ஆட்களின் குரலையும் கையையும் அளந்து பார்த்து, அதற்கேற்ப புதிதாகக் கட்டிய பிறகுதான் குழு எழுந்தது.

முதலில், வாத்தியம் இல்லாமல் ஒரு கூட்டம்

எல்லோரும் கூடியதும் ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். மாதத்துக்கு எத்தனை கச்சேரிக்கு வர முடியும்? வெளியூர் என்றால் ராத்திரி தங்க முடியுமா? வேலைக்குப் போகிறவருக்கு எந்தக் கிழமை லீவு? நான்கு வருடத்தில் ஒருவருக்குச் சர்க்கரை வந்திருக்கும், இன்னொருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், ஒருவர் வேறு குழுவில் நிரந்தரமாகச் சேர்ந்திருப்பார்.

பணத்தையும் அன்றே பேசிவிடுங்கள். ரிகர்சலுக்குப் படி உண்டா, வேன் வாடகையும் சவுண்ட் வாடகையும் போக மீதியை எப்படிப் பிரிப்பது, கச்சேரி ரத்தானால் அட்வான்ஸில் யாருக்கு எவ்வளவு? ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். எங்கள் குழுவில் பழைய பாக்கி ஒன்று நான்கு வருடமாக ஒருவர் மனதில் கிடந்திருக்கிறது. அதை அன்றைக்கே தீர்த்தோம். தீர்க்காமல் விட்டிருந்தால் மூன்றாவது ரிகர்சலில் வேறு ஏதோ சண்டையாக வெடித்திருக்கும்.

வராதவர்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் புல்லாங்குழல்காரர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். அவருடைய இடத்தைக் கீபோர்டில் நிரப்பலாம், அல்லது புல்லாங்குழல் பிரதானமாக வரும் பாட்டுகளைத் தள்ளி வைக்கலாம். இரண்டில் ஒன்றை முதல் வாரமே முடிவு செய்யுங்கள்.

மூன்று வாரம் தனித்தனியாக

கூடிப் பாடுவதற்கு முன் ஒவ்வொருவரும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. மனதுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், தசைக்கு இருக்காது. முதல் நாளே மூன்று மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு வீங்கிக்கொள்ளும். இருபது நிமிடம் வாசித்துப் பத்து நிமிடம் ஓய்வு, அப்படி நாளைக்கு இரண்டு முறை போதும். இரண்டாவது வாரத்தில் நேரத்தைக் கூட்டலாம். கிடார் வாசிப்பவருக்கு விரல் நுனி மறுபடி காய்த்துப்போக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்துத் தோலைக் கிழித்துக்கொண்டால் இன்னும் தள்ளிப்போகும்.

தாள வாத்தியக்காரர்கள் மெட்ரோனோமை (சீரான வேகத்தில் ‘டக் டக்’ என்று தட்டும் கருவி) வைத்துக்கொண்டு மெதுவான வேகத்தில் வாசியுங்கள். வேகமாக வாசிப்பதை விட மெதுவாக, ஓடாமல் வாசிப்பதுதான் கஷ்டம். விட்டுப்போனது தெரிவதும் அங்கேதான்.

பாடுபவர்கள் காலையில் வாயை மூடி ‘ம்’ என்று மெல்ல ரீங்கரித்துத் தொடங்குங்கள். உதட்டை அதிரவிட்டு மேலும் கீழும் போய்வாருங்கள், அப்புறம் ‘ஆ’ என்று இழுத்துப் பாடும் ஆகாரம். உச்சஸ்தாயியைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு தள்ளிப்போடும் பழக்கம் பாடகர்களிடம் அதிகம்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது

கீபோர்டைக் கீழே இறக்கி ஆன் செய்தேன். ஸ்கிரீனில் பேட்டரி எச்சரிக்கை வந்தது. பழைய கீபோர்டுகள் பலவற்றில் உள்ளே சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி இருக்கும். நாம் சேமித்து வைத்த டோன்களை அதுதான் காப்பாற்றுகிறது. அது செத்தால் பத்து வருடமாகத் தேடித்தேடி அமைத்த நாதஸ்வரம், ஷெனாய், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் போய்விடும். எச்சரிக்கை வந்தும் டோன்கள் இன்னும் இருக்கின்றன என்றால், முதலில் அவற்றை வெளியே பேக்கப் எடுங்கள், அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள். நான் பாதியைத்தான் மீட்டேன். மீதியைக் காதால் கேட்டு மறுபடி அமைக்க ஒரு வாரம் ஆனது.

பேட்டரி மட்டுமல்ல, கீபோர்டின் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்டும் தூசியால் வேலை செய்யாமல் போகும். சில கட்டைகள் மட்டும் ஒரேயடியாகச் சத்தமாக ஒலித்தால் அதுதான் காரணம். கிடாரின் நெக் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், கம்பிகளை முழு செட்டாக மாற்றுங்கள். தபலா, டோலக் தோல் ஈரத்தில் தொய்ந்திருக்கும். ஒயர் ஒவ்வொன்றையும் மாட்டி, முனையை ஆட்டிப் பாருங்கள்; கரகரவென்றால் அங்கேயே தூக்கிப் போடுங்கள். அடாப்டர் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சுருதியைப் புதிதாகப் பேசுங்கள்

ரொம்ப நாள் கழித்து வரும் குழுக்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயது கூடும்போதும் பழக்கம் விட்டுப்போகும்போதும் குரலின் உச்சி கொஞ்சம் இறங்கும். எங்கள் மெயின் பாடகருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. முன்பு ஒரிஜினல் சுருதியில் பாடிய பாட்டுகளில் இப்போது சரணத்தின் உச்சியில் கழுத்து நரம்பு புடைக்கிறது. ‘பாடிடுவேன்’ என்று அவர் சொல்லத்தான் செய்வார். ஒரு பாட்டைப் பாடிவிடலாம், கச்சேரியில் அவருக்குப் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாட்டையும் உச்சி வரும் வரியை மட்டும் எடுத்து, மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கஷ்டப்பட்டால் சுருதியை இறக்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்டை இறங்கியது தெரியாது. குரல் பிசிறியது எல்லோருக்கும் தெரியும்.

இறக்கும்போது கணக்கில் ஒரு குழப்பம் வரும். நாம் சி என்பதை ஒரு கட்டை, டி-யை இரண்டு, இ-யை மூன்று, எஃப்-ஐ நான்கு என்கிறோம். 1-க்கும் 2-க்கும், 2-க்கும் 3-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை (அரைக் கட்டை) உண்டு; 3-க்கும் 4-க்கும் நடுவில் கிடையாது. ‘நான்கிலிருந்து ஒரு கட்டை இறக்கு’ என்று சொன்னால் ஒருவர் மூன்றில் போய் நிற்பார், இன்னொருவர் இரண்டரையில் நிற்பார். எல்லோரும் கூடிய இரண்டாவது ரிகர்சலில் பேஸும் கீபோர்டும் இப்படித்தான் அரை அரையாக மோதின. அன்றிலிருந்து ‘ஒன்று இறக்கு’, ‘இரண்டு இறக்கு’ என்று செமிடோன் (கறுப்போ வெள்ளையோ, அடுத்த கட்டை) கணக்கில் மட்டுமே பேசுகிறோம். பாட்டுத் தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் மைனஸ் 1, மைனஸ் 2 என்று பெரிதாக எழுதியிருக்கும்.

கீபோர்டில் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் எனக்கு வேலை முடிந்தது. கிடார்காரருக்கு அப்படியில்லை. கிடார் கழுத்தில் மாட்டும் கேபோ என்ற கிளிப் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. அவர் கார்டுகளையே மாற்றிப் பிடிக்க வேண்டும். பேஸ் வாசிப்பவருக்குத் திறந்த கம்பியில் கிடைத்த சுரங்கள் கிடைக்காமல் போகும். புல்லாங்குழல் இருந்தால் வேறு சுருதிக் குழல் வேண்டும். அதனால் சுருதி மாற்றத்தை முதல் ரிகர்சலுக்கு முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த பாட்டுக்கு டிரான்ஸ்போஸைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது கீபோர்டுக்காரரின் பொறுப்பு. பாட்டு முடிந்து கைதட்டல் கேட்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

டூயட் இன்னும் சிக்கல். ஆண் குரலுக்காக இரண்டு இறக்கினால் பாடகியின் குரல் கீழே போய் மைக்கில் எழும்பாது. அவருடைய வரிகளில் எது ஆகக் கீழே வருகிறதோ அதைப் பாடவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் இறக்கினால் இருவருக்கும் ஒத்துவருமா? வராவிட்டால் அந்த டூயட்டை விட்டுவிடுங்கள். தமிழில் டூயட்டுக்குப் பஞ்சமில்லை.

பாட்டுப் பட்டியல்: குறைவாக, சுருங்கக்கூடியதாக

முன்பு எங்களிடம் முன்னூறு பாட்டுக்கு மேல் தயாராக இருந்தது. துண்டுச் சீட்டில் எது வந்தாலும் வாசிப்போம். திரும்பி வரும்போது இருபத்தைந்து பாட்டுதான் எடுத்தோம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அறிவிப்பு, மாலை மரியாதை எல்லாம் போக அது தாராளமாகப் போதும். எல்லோரும் முன்பு நூறு முறையாவது வாசித்த பாட்டுகள் இருபது, நான்கு வருடத்தில் வந்த புதுப் பாட்டுகள் ஐந்து. புதுப்பாட்டு ஒன்றுகூட இல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், அவர்களுக்கும் நாம் பாடத்தான் வந்திருக்கிறோம்.

வரிசை வழக்கம்போலத்தான். பிள்ளையார், அப்புறம் அந்தக் கோவில் சாமியின் பாட்டு, பிறகு மெலடி, நடுவில் டூயட், கடைசியில் குத்துப்பாட்டு. உச்சஸ்தாயிப் பாட்டுகள் இரண்டை அடுத்தடுத்து ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டியலிலேயே ஆறு பாட்டுக்கு நேராக ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் போகவேண்டியவை அவை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ரிகர்சல்: தொடக்கம், பிஜிஎம், முடிவு

நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு மொட்டை மாடியில், இரவு எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டோம். முதல் இரண்டு ரிகர்சலுக்குப் பாடகர்களை அழைக்காதீர்கள். டிரம்ஸ், எலக்ட்ரானிக் பேடு, டோலக், பேஸ் நால்வர் மட்டும் உட்கார்ந்து வேகத்தைப் பிடிக்கட்டும். பாடகர் நிற்கும்போது தாளக்காரர்களின் தவறை நிறுத்தித் திருத்த எல்லோரும் கூச்சப்படுகிறார்கள்.

பாட்டை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வாசிப்பது ரிகர்சல் ஆகாது. பல்லவியும் சரணமும் யாருக்கும் மறக்கவில்லை. குழு உடைவது மூன்று இடங்களில்: பாட்டு தொடங்கும் முதல் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), பிஜிஎம் (பாட்டுக்கு நடுவில் வரும் வாத்திய இசை) முடிந்து சரணத்துக்குள் நுழையும் இடம், அப்புறம் பாட்டின் முடிவு. இந்த மூன்றை மட்டும் வெட்டி எடுத்துப் பத்துப் பத்து முறை வாசியுங்கள்.

முடிவைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. எண்பதுகளின் பாட்டுகள் பலவற்றின் ரெக்கார்டிங்கில் பல்லவி திரும்பத் திரும்ப ஒலித்தபடி சத்தம் தேய்ந்து அடங்கும். மேடையில் அப்படித் தேய முடியாது. முன்பு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முடிவு வைத்திருந்தோம், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கண் ஜாடையிலேயே ஓடியது. நான்கு வருடத்தில் அந்த ஜாடை போய்விட்டது. எல்லோரும் கூடிய முதல் ரிகர்சலில் ஒரு மெலடியின் கடைசிப் பல்லவியில் டிரம்மர் நிறுத்தினார், நான் இன்னொரு சுற்று போனேன், பேஸ் நடுவில் தனியாக நின்றது. மறுநாளே உட்கார்ந்து இருபத்தைந்து பாட்டுக்கும் முடிவை எழுதினோம்: ‘முதல் வரி மூன்று முறை, மூன்றாவதில் வேகம் குறைந்து நிற்க’, ‘தீர்மானம் (முடிப்புத் தாள அடி) போட்டு வெட்டு’, இப்படி. எழுதிய அன்றைக்குத்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஒவ்வொரு ரிகர்சலையும் செல்போனில் பதிவு செய்யுங்கள். பாட்டின் முதல் நிமிட வேகத்தையும் கடைசி நிமிட வேகத்தையும் மெட்ரோனோம் வைத்து ஒப்பிடுங்கள். எங்களுக்குக் குத்துப்பாட்டு எல்லாமே வேகம் கூடி ஓடியது.

முன்பே பதிவு செய்த இசை டிராக்கைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பாடிவிடலாமே என்ற பேச்சு நடுவில் வரும். ஆள் குறைவு, செலவு குறைவு, தவறும் வராது. என் கருத்து, முதல் கச்சேரிக்கு அது வேண்டாம். டிராக் யாருக்காகவும் காத்திருக்காது. பாடகர் ஒரு வரியை மறந்தால் நாம் நான்கு ஆவர்த்தனம் சுற்றிக்கொண்டு நிற்கலாம், டிராக் போய்க்கொண்டே இருக்கும். ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் பழக்கம் திரும்பவும் வேண்டுமென்றால் அது கையால் வாசித்தால்தான் வரும்.

ஒரு சின்ன மேடை

எடுத்த எடுப்பில் திருவிழா மேடைக்குப் போகாதீர்கள். கடைசி வாரத்தில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்பு ஒன்றில் எட்டுப் பாட்டு வாசித்தோம். காசு வாங்கவில்லை, சாப்பாடு போட்டார்கள். ரிகர்சலில் ஒரு முறைகூட வராத தவறுகள் அங்கே வந்தன; நாற்பது பேர் பார்க்கும்போது பாடகிக்கு இரண்டாவது சரணம் மறந்தது. அன்றிலிருந்து சரணத்தின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டில் வைக்கிறோம். முழுப் பாட்டும் எழுதி வைத்தால் கண் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும், ஜனங்களைப் பார்க்க மாட்டார்கள்.

விழா கமிட்டியிடம் கேட்க வேண்டியவை

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். உங்கள் விழாவுக்கு அந்தத் தளர்வு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒலிபெருக்கி அனுமதி வாங்கியாயிற்றா, எந்த நேரம் வரை என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருப்பார்கள். சாமி ஊர்வலம் திரும்பி, மண்டகப்படிக்காரர்களுக்கு மரியாதை செய்து முடிக்க எட்டேகால் ஆகிவிடும். பத்துக்கு நிறுத்தியாக வேண்டும். புள்ளி வைத்த ஆறு பாட்டு அப்போதுதான் கை கொடுக்கும்.

கல்யாணமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவில் பாட்டுக்கான உரிமம் வாங்குவதிலிருந்து விலக்குப் பெற்றவை. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி என்றால் பாட்டுக்கான உரிமம் வாங்குவது யார் பொறுப்பு என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். குழுவின் வாத்தியங்களும் சவுண்ட் செட்டும் ஒரே இணைப்பில், சரியான எர்த்தோடு இருக்க வேண்டும். கிடார் ஓரிடத்திலும் மிக்ஸர் வேறு ஜெனரேட்டரிலும் இருந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். எங்கள் ஆள் ஒருவருக்குப் பல வருடம் முன்பு அப்படி நடந்து பின்னால் விழுந்தார். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்துச் சொன்ன பிறகுதான் ஒயர்களை மாட்டுங்கள்.

கச்சேரி நாள்

மூன்று மணி நேரம் முன்பே மேடையில் இருங்கள். சவுண்ட் செக்கை டிரம்ஸில் தொடங்கி பேஸ், கீபோர்டு, கிடார், கடைசியில் குரல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தால் சவுண்ட்காரர் பாவம், எதைக் கேட்பார்? மானிட்டரில் (மேடையில் நம்மை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) பாடுபவருக்கு அவருடைய குரலும் சுருதிக்கு என் கீபோர்டும் கேட்டால் போதும். ஆளுக்கு ஆள் ‘எனக்கு இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மைக் கூ என்று கத்தும்.

காதையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது என்பது தொழில் பாதுகாப்புத் துறையில் பின்பற்றும் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவர்கள் இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு ரிகர்சலில் அதைப் போட்டுப் பழகிவிடுங்கள், மேடையில் முதன்முதலாகப் போட்டால் தாளமே தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும்.

முதல் பாட்டு எல்லோருக்கும் ஆகச் சுலபமான பாட்டாக இருக்கட்டும். கை நடுங்கும். ரொம்ப நாள் கழித்து என்பதால் வழக்கத்தை விட அதிகமாகவே நடுங்கும். அதைத் தடுக்கப் பார்க்காமல், நடுக்கத்தோடு வாசிக்கக்கூடிய பாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. எனக்கு மூன்றாவது பாட்டில் அடங்கியது. டிரம்மர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, முடிவுக்கு முன்னால் பழையபடி புருவத்தை உயர்த்தினார். எழுதி வைத்த தாளை அந்தப் பாட்டுக்கு நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு

வேனில் ஏறும் முன் பணத்தைப் பிரித்துவிடுங்கள். அன்றிரவு தவறுகளைப் பேசாதீர்கள், எல்லோரும் களைத்திருப்பார்கள். மறுநாளும் வேண்டாம். மூன்றாவது நாள் பதிவைக் கேட்டு மூன்றே மூன்று விஷயங்களைக் குறியுங்கள். நான் குறித்தவை: ஏழாவது பாட்டு வேகம் கூடியது, ஒரு டூயட்டில் இரண்டாம் பிஜிஎம் முடியும்போது பேஸ் ஒரு சுற்று முன்னால் வந்தது, பாடகி அக்காவுக்கு முதல் அரை மணி நேரம் மானிட்டரே கேட்கவில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை ரிகர்சலை இந்த மூன்றோடுதான் தொடங்கினோம்; மானிட்டர் கேட்காவிட்டால் இடது கையைக் காதில் வைப்பது என்று அக்காவிடம் பேசி வைத்துக்கொண்டோம்.